மிளகுச் சிமிழும் விளிம்பிழந்த காசுகளும்



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறதோ, அந்த ஆசிரியரிடம் நான் மூன்றாண்டுகள் வரலாறு படித்தேன். பழங்காசு, உடைந்த ஓடு, எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: “இது எங்கே கிடந்தது? பக்கத்தில் என்ன கிடந்தது?” எத்தனை பழையது, என்ன விலை போகும் என்றெல்லாம் கேட்க மாட்டார். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கடல்கடந்த ஒரு வயல். அங்கு கிடைத்தவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய அந்தக் கேள்விதான் என் காதில் ஒலிக்கிறது.

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில் ஐ என்று ஒரு சிறிய சந்தை ஊர் இருக்கிறது. எழுதும்போது ஆங்கிலத்தில் கண்ணைக் குறிக்கும் சொல்லைப் போலவே எழுதுவார்கள். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் தீவு, அதாவது ஈரநிலம் சூழ்ந்த மேடு. ஊரைச் சுற்றிலும் உழவு நிலம். வடக்கே வேவ்னி ஆறு. அந்த ஆற்றைக் கடக்கும் இடத்தில் ஸ்கோல். ரோமர் காலத்தில் கோல்செஸ்டரிலிருந்து வடக்கே செல்லும் பெருவழி ஸ்கோலில்தான் ஆற்றைத் தாண்டியது. ஆற்றுத்துறை இருந்தால் அங்கே சாவடி வரும், பட்டறை வரும், சந்தை கூடும். ஸ்கோலும் அப்படித்தான் ஒரு சிற்றூராக வளர்ந்தது. 1990களில் புறவழிச்சாலை போடுவதற்கு முன்னால் அங்கே நடந்த அகழாய்வு, அந்த ஊர் இருந்ததைக் காட்டியது.

1781இல் ஐ ஊரின் ஆற்றோரத்தில் வேலை செய்த கூலியாட்களுக்கு ஓர் ஈயப்பெட்டி கிடைத்தது. அதற்குள் ஏறக்குறைய 600 ரோமப் பொற்காசுகள். பிரிட்டனில் கிடைத்த ரோமப் பொற்காசுப் புதையல்களில் அதுவே மிகப் பெரியது. இன்று அந்தக் காசுகள் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கைமாறி, சேகரிப்பாளர்களிடம் சிதறி, மற்றக் காசுகளோடு கலந்துபோயின. எந்தக் காசு ஐ ஊர்க் காசு என்று பிரித்துச் சொல்ல இனி வழியில்லை. பொன் எங்கோ பத்திரமாகத்தான் இருக்கும். அது சொல்லவேண்டிய செய்தி போய்விட்டது.

ஐ ஊருக்கு வடகிழக்கே சில மைல் தொலைவில் ஹாக்ஸன் என்று ஒரு கிராமம். 1992 நவம்பர் 16 அன்று ஓர் உழவர் தன் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். நண்பரான, ஓய்வுபெற்ற தோட்டக்காரர் ஒருவர் உலோகம் கண்டறியும் கருவியோடு தேடப் போனார். கருவி ஒலித்த இடத்தில் வெள்ளிக் கரண்டிகளும் பொன் நகைகளும் காசுகளும் வந்தன. கொஞ்சம் எடுத்தார். பிறகு நிறுத்திவிட்டார். எனக்கு இந்த ஒரு செயல்தான் பெரிதாகப் படுகிறது. கைக்கெட்டும் ஆழத்தில் பொன் கிடக்கிறது, பக்கத்தில் வேறு யாருமில்லை, அந்த மனிதர் தோண்டுவதை நிறுத்துகிறார். உழவரும் அவரும் காவல்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் சொல்கிறார்கள். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து, செய்தி வெளியே பரவுமுன், ஒரே நாளில் அகழ்ந்து முடித்தார்கள். பிரிக்க முடியாத பகுதிகளை மண்கட்டியோடு பெயர்த்தெடுத்து ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பொறுமையாகப் பிரித்தார்கள். தேடிப்போன சுத்தியலும் கிடைத்தது. அது இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்படிப் பிரித்ததால்தான் மட்கிப்போன மரப்பெட்டி ஒன்று மண்ணில் வடிவமாகத் தெரிந்தது. சுமார் 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 30 உயரம். நம் பாட்டிமார் கட்டிலுக்கடியில் வைத்திருந்த பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சின்னச் சின்னப் பேழைகள் இருந்திருக்கின்றன. மரம் போய்விட்டது, அவற்றைப் பூட்டிய வெள்ளிப் பூட்டுகள் மிஞ்சின. எது எதோடு சேர்த்து வைக்கப்பட்டது என்பதும் மிஞ்சியது. அள்ளிப் போட்டது போல இல்லை. ஒரு வீட்டுப் பொருள்களை அறிந்த கை நிதானமாக அடுக்கியிருக்கிறது.

மொத்தம் 14,865 காசுகள். 29 பொன் நகைகள். கரண்டிகளும் அகப்பைகளுமாக 98. பத்துக் கரண்டிகளில் அவுரேலியஸ் உர்சிகினஸ் என்று ஒரு பெயர். ஒரு பொன் வளையலில் எழுத்துகளையே துளைவேலையாகச் செய்து, யூலியானா என்னும் அம்மையாருக்கு வாழ்த்துப் பொறித்திருக்கிறார்கள், மகிழ்ந்து அணிக என்ற பொருளில். நகைகளிலே என்னைப் பிடித்து நிறுத்தியது ஓர் உடற்சங்கிலி. தோள்வழி இறங்கி மார்பிலும் முதுகிலும் கூடும் பொற்சங்கிலி. 250 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பல்லவர் சிற்பங்களில் முருகன் மார்பில் நாம் பார்க்கும் சன்னவீரத்தை நினைத்தால் இதன் வடிவம் உடனே புரிந்துவிடும். நம் ஸ்தபதி கல்லில் செதுக்கிய அணியை ஒத்த அணியை, நான்காம் நூற்றாண்டு பிரிட்டனில் ஒரு பெண் உண்மையாகவே பூண்டிருந்தாள்.

இனி மிளகு. அந்தப் பெட்டியில் நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள் இருந்தன. ஒன்று ஹெர்குலிஸ் ஓர் அரக்கனை மல்லில் தூக்கும் உருவம். ஒன்று காட்டாடு. எல்லோரும் அறிந்தது ஒரு சீமாட்டியின் உருவம். உயரம் சுமார் 10 சென்டிமீட்டர். பின்னிக் கட்டிய கொண்டை, கையில் ஓலைச்சுருள் போன்ற ஒன்று, இடையிடையே பொன்முலாம். முதலில் இவளைப் பேரரசி என்று எண்ணினார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அடியில் ஒரு வட்டத் தகடு உண்டு, திருகினால் சுழலும். ஒரு நிலையில் பெருந்துளை திறக்கும்: மிளகுப்பொடி நிரப்பலாம். இன்னொரு நிலையில் சிறு துளைகள்: தூவலாம். மூன்றாவது நிலையில் எல்லாம் மூடிக்கொள்ளும். ஒரு துளியும் வீணாகக் கூடாது என்ற கவலை அந்தத் தகட்டிலேயே இருக்கிறது.

கவலைப்பட்டதில் வியப்பில்லை, அது நம் மேற்குமலையில் விளைந்த மிளகு. சேரநாட்டு முசிறியில் யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. அந்த மிளகு அரபிக்கடலைத் தாண்டிச் செங்கடலின் பெரெனிகே துறையில் இறங்கும்; அங்கே ஒரு கோயில் தளத்தில் இந்தியச் சாடி ஒன்றில் 7.55 கிலோ மிளகு அப்படியே கிடைத்திருக்கிறது. பிறகு ஒட்டகம், நைல், அலெக்சாந்திரியா, ரோம். ரோமில் மிளகுக்கென்றே கிடங்கு இருந்தது. அங்கிருந்து வடக்கே பிரிட்டனின் எல்லைவரை போயிற்று. விந்தோலந்தா கோட்டையில் கிடைத்த மையால் எழுதிய மரப்பலகை ஒன்றில், ஒரு படைவீரன் பெயருக்கு நேரே மிளகு, 2 தெனாரி என்று கணக்கு இருக்கிறது. அது ஏறத்தாழ கி.பி. 100ஐ ஒட்டிய காலம். முந்நூறு ஆண்டு கழித்தும் ஹாக்ஸன் வீட்டு விருந்தில் மிளகு தூவப்பட்டது. முசிறிக்கும் வேவ்னி ஆற்றங்கரைக்கும் நடுவில் எத்தனை கைகள்! மரம் ஏறிப் பறித்தவர் பெயரும் தெரியாது, காயவைத்தவர் பெயரும் தெரியாது. அவர்கள் உழைப்பு போய்ச் சேர்ந்த பாத்திரம் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. அதன்முன் நின்றபோது, ஊர்க்காரர் ஒருவரை எதிர்பாராத இடத்தில் பார்த்தாற்போல எனக்கு நெஞ்சு நிறைந்தது.

காசுகளுக்கு வருகிறேன். பொற்காசு 569, செப்புக்காசு 24, மற்ற 14,272ம் வெள்ளி. அவற்றில் மிகப் பெரும்பான்மையானவை சிலிக்குவா என்னும் மெல்லிய காசுகள். அந்த மெல்லிய காசுகளில் 100க்கு 98க்கு மேல் விளிம்பு கத்தரிக்கப்பட்டவை. புதிய வெள்ளிக்காசு பிரிட்டனுக்கு வருவது நின்றுபோனதால் இருப்பதைச் சுரண்டி வாழ்ந்தார்கள். சுரண்டிய வெள்ளியில் போலிக்காசும் அடித்தார்கள். ஆனால் கத்தரித்த கை ஒன்றை மட்டும் தொடவில்லை: பேரரசரின் தலை. சுற்றிலும் இருந்த எழுத்து போனாலும் முகம் தப்பியது.

இங்கே புதுக்கோட்டையை நினைக்காமல் இருக்க முடியாது. 1898இல் கருக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. நாணயமாகச் செல்லாமல் பொன்னாக மட்டும் மதிக்கப்பட வேண்டும் என்று வெட்டியிருக்கிறார்கள் என்பது நாணயவியலார் கருத்து. இங்கே எடை குறையாமல் முகம் வெட்டுண்டது. அங்கே முகம் குறையாமல் எடை வெட்டுண்டது. அரசனின் ஆணை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைச் சொல்ல எனக்கு இதைவிடத் தெளிவான சான்று தெரியாது.

ஹாக்ஸன் காசுகளில் கடைசியாக அடிக்கப்பட்டவை மூன்றாம் கான்ஸ்டன்டைனுடையவை. 407இல் பிரிட்டனில் படையினரால் பேரரசனாக்கப்பட்டு, அந்தப் படையோடு கடல்கடந்து போனவன் அவன். ஆகவே பெட்டி புதைந்தது 407க்குப் பிறகு. 408இல் கோத்தியர் அரசன் அலாரிக் ரோம நகரை முற்றுகையிட்டு, விலகிப்போகக் கேட்ட பொருள்களில் பொன், வெள்ளி, பட்டோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. ஹாக்ஸன் வீட்டார் அதைக் கேள்விப்பட்டார்களா, யார் கண்டார்! அவர்கள் வீட்டிலும் வெள்ளிச் சிமிழைத் துணியில் சுற்றும் நாள் வந்திருந்தது.

பெரிய தட்டுகளும் தாம்பாளங்களும் அந்தப் பெட்டியில் இல்லை. அவற்றை வேறெங்கோ வைத்திருக்க வேண்டும், அல்லது முன்பே விற்றிருக்க வேண்டும். பின்னர் அந்த வயலைச் சுற்றி ஆய்ந்தபோது, பெட்டி கிடந்த இடத்தருகே ஒரு மரக்கம்பம் நட்ட குழியின் தடம் தெரிந்தது. காலம் கணிக்க முடியாத தடம்தான். ஆனாலும் அது அடையாளக் கம்பமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். திரும்பி வருவோம் என்று நம்பியவர்கள்தானே கம்பம் நடுவார்கள். உழவரின் சுத்தியல் தொலைந்த நாள்வரை அந்தப் பெட்டியை யாரும் வந்து எடுக்கவில்லை.