தனித்து வாழப் புகும் நம் பெண்மக்கள்

(காஞ்சீபுரத்தில் நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் வீடுகளில் ஒருவர் தனியே இருத்தல் மிக அரிது. கோர்வைச் சேலை நெய்யத் தறியில் ஒருவர் போதார். மறுகரையின் நாடாவை எறிய மற்றொருவர் அருகில் அமர்தல் வேண்டும். விடியற்காலையில் பாவு விரிக்குங்கால் தெருவே வீடாகிவிடும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழந்தை இருமினால் மூன்றாம் வீட்டுப் பாட்டி சுக்குக் கஷாயத்துடன் வந்து நிற்பாள். இங்ஙனம் வளர்ந்த பெண், படிப்பு முடிந்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் முதலிய இடங்களின் தொழிற்சாலைகளிலோ சென்னையிலோ உத்தியோகம் ஏற்று, வாடகை அறையில் முதன்முதல் கதவைச் சாத்துங்கால் அச்சங்கொள்கிறாள். அதனைப் பேதைமை என்று நகைப்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் வெளியிட்ட செய்தியொன்று இங்குக் கூறத்தக்கது. புதிய இடத்தில் முதல் நாள் உறங்குவோரது மூளையின் இடப்பாதி, வலப்பாதியைப்போல் ஆழ்ந்து உறங்காமல், சிற்றொலிக்கும் செவிகொடுத்துக் காவல் நிற்கிறதாம். சில நாட்கள் கழித்து மீண்டும் அவ்விடத்தே உறங்கியபோது அவ்வேற்றுமை காணப்படவில்லை. ஆகவே அவ்வச்சம் இயற்கை வைத்த காவற்காரனேயன்றிக் கோழைத்தனமன்று. தறியோசையில் உறங்கிப் பழகிய செவிக்கு, மேல்மாடிக் குழாயில் நீர் ஓடுவதும் கள்வன் காலடியாகத் தோன்றும். எவ்வொலி எங்கிருந்து வருகிறதென்று பகலிலேயே அறிந்துகொண்டால் பாதிப் பயம் தீரும்.

மீதிப் பாதிக்குத் தாழ்ப்பாள் வேண்டும். குடிபுகும் அன்றே, வீட்டுக்காரரிடம் சொல்லிப் பூட்டை மாற்றுதல் முதற்காரியம். முன் குடியிருந்தவரிடம் எத்தனை சாவிகள் உளவென்று யார் அறிவார்? கதவில் பார்வைத்துளையும் உட்சங்கிலியும் இருத்தல் அவசியம். குளியலறைச் சன்னலைப் பலர் மறந்துவிடுவர். உறங்குமுன் எரிவாயு ரெகுலேட்டரை மூடுதல் வேண்டும். வாயு நாற்றம் வீசினால் மின்விசையைத் தொடாது சன்னலைத் திறந்து, வெளியே வந்து, 1906 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். மாற்றுச் சாவி ஒன்று நம்பிக்கையான அயலாரிடம் இருக்கட்டும். ஆபத்தில் 112, பெண்களுக்கென 181. 2022இல் தமிழ்நாடு காவல்துறை வெளியிட்ட ‘காவல் உதவி’ செயலியும் கைப்பேசியில் இருத்தல் நன்று.

நிற்க. பூட்டினும் பெரிய விஷயமொன்று பெற்றோரைப் பற்றியது. பெண்ணை வழியனுப்பும்போதே, “ஏதேனும் நடந்ததென்று காதில் விழுந்தால் வேலையே வேண்டாம், புறப்பட்டு வந்துவிடு” என்று சொல்லியனுப்புகிறோம். அன்பினால் சொல்வதே. அதன் பயன் யாது? ஒருவன் நாடோறும் பேருந்து நிறுத்தத்திலிருந்து பின்தொடர்ந்து வந்தாலும் அவள் வாய் திறவாள். சம்பளம் போய்விடும், அடுத்த மாதமே வரன் பார்த்துவிடுவார்கள் என்றஞ்சித் தனியே சுமப்பாள். அவளைத் தனிமைப்படுத்துவது அந்த அறையன்று, நமது சொல்லே. அங்ஙனம் பின்தொடர்தல் 2013 முதலே தனிக் குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதையின் 78ஆம் பிரிவில் அடங்கும். சட்டம் அவள் பக்கம் நிற்கிறது, தாய்தந்தையர் நிற்கிறார்களா? “எது நேரினும் எங்களிடம் சொல், வேலையை விடச் சொல்லமாட்டோம்” என்று வாக்களித்து, அதனைக் காத்தும் காட்டுதல் வேண்டும்.

இனி, வீடுடைய அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க விடுதி, 706.50 கோடி ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது. மகிழ்ச்சியே. எனினும் விடுதி கிடையாதோர் பலர், வாடகை வீடு தேடி அலைகின்றனர். தனியே வரும் பெண்ணென்றால் நம்மிற் சிலர் இல்லையென்று கதவடைக்கின்றனர். சிலர் குலம் விசாரித்து, நம்மவரானால் மட்டும் தருவோம் என்கின்றனர். நம் பெண் செல்லும் ஊரிலும் இதே கேள்வி கேட்கப்பட்டால், அவள் காவலற்ற சந்தில் அறையெடுப்பதன்றி வேறென் செய்வாள்?

மாடியறை உடையோரில், படிக்கட்டுக்கு விளக்கும் கதவுக்கு நல்ல தாழும் அமைத்து, எம்மரபுப் பெண்ணாயினும் நியாயமான வாடகைக்கு விடச் சம்மதிப்போர், கூட்டம் கலைவதற்குமுன் காரியதரிசியிடம் தம் பெயரை எழுதுவிக்குமாறு வேண்டிக்கொள்ளுகிறோம்.