எந்திரம் எழுதும் மடல்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புலவர் பெருமக்கள் முழங்கிய இம்மேடையில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கும் இடந்தந்தீர்கள். இலக்கியம் பேசும் தகுதி நமக்கில்லை. ஆனால் கடிதத்தைப் பற்றிப் பேசலாம். வந்த கடிதத்தைப் பதிவதும், அதற்கு மறுமொழி வரைவதுமே நமது தொழில். ஆதலின் இந்நாளில் வீடுதோறும் வந்து குவியும் ஒருவகைக் கடிதத்தைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம். அது எவரும் நமக்கென்று அமர்ந்து எழுதாத கடிதம். கணிப்பொறி தானே அனுப்பும் மின்னஞ்சல்.

வங்கி, பயணச்சீட்டு, மின்கட்டணம், ஓய்வூதியம் ஆகிய அனைத்துக்கும் இன்று இணையத்தில் கணக்கு உண்டு. பணம் கட்டினால் ஒரு மடல்; கடவுச்சொல்லை மாற்றினால் மற்றொரு மடல். யாரோ ஒருவர் ஒருமுறை எழுதி வைத்த வாசகமே இலட்சக்கணக்கானோருக்குச் செல்கிறது. அதில் ஒரு சொல் மயங்கினால், அம்மயக்கமும் இலட்சக்கணக்கான வீடுகளுக்குச் செல்லுமன்றோ?

குமாஸ்தா எழுதிய கடிதம் விளங்காவிடில் அலுவலகத்துக்கு வந்து கேட்கலாம். எந்திர மடலின் அடியிலோ, ‘இதற்கு மறுமொழி அனுப்ப வேண்டா’ என்று பொறித்திருப்பது வழக்கம். திருப்பிக் கேட்க வழியில்லாத கடிதம், கேள்விக்கே இடமின்றி எழுதப்பட வேண்டும். நாம் சொல்ல வந்தது இவ்வளவே.

தந்தி இருந்த காலத்தில் சொல்லுக்குச் சொல் காசு. ஆகவே சொல்லைச் சுருக்கினோம். பொருள் சற்றே மயங்கினும் பொறுத்தோம். அத்தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோயிற்று. மின்னஞ்சலில் சொல்லைக் கூட்டினால் காசு கூடுவதில்லை. அங்கே மயக்கத்துக்கு என்ன நியாயம்?

‘தங்கள் வேண்டுகோள் மீது நடவடிக்கை முடிந்தது’ என்று ஒரு மடல் வருவதாகக் கொள்வோம். எந்த வேண்டுகோள்? ஏற்றார்களா, தள்ளினார்களா? அலுவலகக் கோப்பில் ‘தீர்வு செய்யப்பட்டது’ என்றால், மனு ஏற்கப்பட்டிருக்கலாம், நிராகரிக்கப்பட்டும் இருக்கலாம். அச்சொல் கோப்பை மூடுவோருக்கு வசதி. மனுச் செய்தவருக்கு அன்று.

நமக்குப் பழகிய இருப்புப்பாதையையே பாருங்கள். இணையத்தில் வாங்கிய சீட்டு, பயணிகள் பட்டியல் ஆயத்தமான பின்னும் முழுவதும் காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகும். அதைக்கொண்டு வண்டியேற இயலாது. ‘ஆர்.ஏ.சி.’ என்றாலோ ஏறலாம். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவர் பகிர்ந்து அமர வேண்டும். இவ்வேற்றுமையை இரண்டு மூன்று எழுத்துகள் எல்லோருக்கும் உணர்த்திவிடுமா? ‘உங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. சீட்டு ரத்தாயிற்று. பணம் திரும்ப வரும். இச்சீட்டைக் கொண்டு வண்டியேற வேண்டா’ என்று நான்கு சிறு வாக்கியங்கள் போதும். ஊர்த் திருமணத்துக்குக் கிளம்பிய குடும்பம், மூட்டை முடிச்சோடு பிளாட்பாரத்தில் தவிக்க நேராது.

கூகுள் நிறுவனம் 2023 மே மாதத்தில் ஓர் அறிவிப்புச் செய்தது. ஈராண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அவ்வாண்டு டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கலாம் என்றும், நீக்குமுன் பலமுறை மடல் அனுப்பப்படும் என்றும் கூறிற்று. அத்தகைய கணக்கில் பேரனின் படங்கள் இருக்கலாம். மறைந்தவரின் கடிதங்கள் இருக்கலாம். ‘இன்ன நாளுக்குள் ஒருமுறை உள்ளே நுழைக’ என்பது எந்த மடலிலும் முதல் வரியில் இருந்தால் அவை பிழைக்கும். விதிமுறைகளுக்குப் பின்னே பதினைந்தாம் வரியில் இருந்தால், பாட்டனார் கண்ணில் அது படுமா?

தெளிவின்மையால் மற்றொரு கேடும் உண்டு. உண்மை மடலே ‘உடனே செய்க, இன்றேல் கணக்கு முடங்கும்’ என்று மிரட்டினால், போலி மடலும் அதே குரலிற் பேசும். இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? வங்கிகளின் இணைய முகவரி ‘பேங்க் டாட் இன்’ என்று முடியுமாறு மாற்றும்படி ரிசர்வ் வங்கி பணித்து, 2025 அக்டோபர் 31ஐக் கெடுவாக வைத்தது. முகவரிக்கு ஓர் ஒழுங்கு வந்தது. வாசகத்துக்கும் வர வேண்டும். ‘கடவுச்சொல்லை மாற்ற நீங்கள் கேட்கவில்லையெனில் இம்மடலை விட்டுவிடுக, பழைய சொல்லே நீடிக்கும்’ என்னும் ஒரு வரி, முதியவர் ஒருவரின் இரவுத் தூக்கத்தைக் காக்கும்.

இவை புதிய கருத்துகள் அல்ல. சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வதையும், பொருள் மயங்குமாறு சொல்வதையும் நூலின் குற்றங்களாக நன்னூலில் பவணந்தி முனிவர் எண்ணியிருக்கிறார். நூலுக்குக் குற்றமாவது மடலுக்கு மட்டும் குணமாகுமா?

நம் காலனிப் பிள்ளைகளுள் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிவோர் பலர். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். எழுதுவது யார், நடந்தது என்ன, செய்ய வேண்டியது என்ன, எந்நாளுக்குள், செய்யாவிடில் என்னாகும், ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது என்னும் ஆறும் மடலில் உள்ளனவா என்று பாருங்கள். பின்னர் அதை உங்கள் அன்னைக்குத் தமிழிற் சொல்லிப் பாருங்கள். அவர் குறுக்கே கேட்கும் கேள்விதான், மடலில் விடுபட்ட வரி.

சங்கத்தாருக்கும் ஒன்று சொல்வோம். வடபுலத்தில் வாழும் நம் தாய்மார் பலருக்கு ஆங்கில மடலும் இந்தி மடலும் ஒன்றுபோலவே இருள். ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம், படிப்பகத்தில் ஓர் இளைஞர் அமர்ந்து, கொண்டு வருவோரின் மடல்களைப் படித்துப் பொருள் சொல்லட்டும். கடவுச்சொல்லையும் ஓ.டி.பி. எண்ணையும் மட்டும் அவரிடமும் சொல்ல வேண்டா. இணைய மோசடியில் பணம் போயிற்றென்றால் காலந் தாழ்த்தாது 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும் என்பதைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

எந்திரத்துக்கு இரக்கம் இல்லை. அதற்குச் சொல் கொடுப்பவருக்கு இருக்கலாம், இருத்தல் வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!