எங்கிருந்து எடுத்தாய் என்று எழுதச் சொல்வோம்
(குறுவள மையக் கூட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் பேசியது)



எங்கள் நூம்பல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் 'நம் ஊர் ஆறு' என்று ஓர் ஒப்படைவு கொடுத்தேன். திருவேற்காடு, வானகரம் வழியாகத்தானே கூவம் போகிறது, போய்ப் பார்த்து எழுதட்டும் என்று நினைத்தேன். வந்த தாள்களில் ஆறில், தெளிந்த நீரோடு சலசலத்து ஓடும் நதி என்று ஒரே வரி! மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடக்கிற பிள்ளைகள் எழுதுகிற வரியா அது? வாட்ஸ்அப்பிலேயே மெட்டா ஏஐ இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து அம்மா வந்த பிறகுதான் போன் கைக்கு வரும். அந்த அரை மணி நேரத்தில் மூன்று பாடத்தின் ஒப்படைவையும் முடித்தாக வேண்டும்.

பார்த்து எழுதுவது நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. நோட்ஸிலிருந்து வந்த கட்டுரையும், அண்ணனின் ரெக்கார்டைப் பார்த்து வரைந்த படமும் காலங்காலமாக 'டிக்' வாங்கியே வந்திருக்கின்றன. ஆனால் அவை ஒருமுறையாவது கண் வழியாகக் கைக்கு வந்தவை. இப்போது வருவதைப் பல பிள்ளைகள் படித்துக்கூடப் பார்ப்பதில்லை.

"கண்டுபிடிக்க மென்பொருள் இருக்கிறதே சார்" என்று கேட்கிறார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டது. துல்லியம் குறைவு என்று ஜூலையில் தானே நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் இத்தகைய 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று அவை சொல்லிவிட்டன. எளிய சொல், பழகிய வாக்கியம் என்றால் அவற்றுக்குச் சந்தேகம். நம் பிள்ளைகளின் ஆங்கிலம் அப்படித்தானே இருக்கும்?

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி முதன்முறையாகப் பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுதினாள். "இது நீ எழுதினதா?" என்று வகுப்பு முன்னால் கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் நான்கு வரிக்கு மேல் எழுதுவதில்லை. சந்தேகம் வந்தால் தனியாக உட்கார வைத்து, "இந்த வரியை விளக்கும்மா" என்று கேட்டால் போதும். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அந்த ஆறு பேரின் மதிப்பெண்ணை நான் குறைக்கவில்லை. பாலத்தில் நின்று பார்த்த மூன்று விஷயங்கள், வீட்டுப் பெரியவர் ஒருவர் ஆற்றைப் பற்றிச் சொன்னது, இவற்றை மட்டும் எழுதி வாருங்கள் என்றேன். தாத்தா அங்கே குளித்த கதையோடு ஒருவன் வந்தான். பழைய தாளையே திருத்தத் தந்தபோது, தெளிந்த நீரைச் சிவப்பு மையால் அடித்தவனும் அவன்தான்.

தாளின் அடியில் ஒரு கட்டமும் போடச் சொல்லியிருக்கிறேன். எதைக் கேட்டேன், அது என்ன சொன்னது, நான் எதை மாற்றினேன். தமிழாசிரியர்களுக்கு இது புதிதாக இருக்காது. சிறப்புப் பாயிரத்தில் ஆக்கியோன் பெயரோடு நூல் வந்த வழியையும் சொல்ல வேண்டும் என்று நன்னூல் விதிக்கிறதே! உ.வே.சா. தம் பதிப்புகளின் முகவுரையில் ஏடு கொடுத்து உதவியவர்களைப் பெயர் சொல்லிக் குறித்தார். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால், 'காப்பியடிக்காதே' என்பதைவிட நன்றாகப் புரிகிறது.

வயதையும் பார்க்க வேண்டும். வகுப்பறையில் இக்கருவிகளுக்கு 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 2023இல் வழிகாட்டியது. சாட்ஜிபிடியின் விதியும் 13தான். 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும். ஆறு, ஏழாம் வகுப்புக்கு ஆசிரியரே திரையில் காட்டினால் போதும். மேல்நிலைப் பிள்ளைகள் விடையை வாங்குவதற்குப் பதிலாக, 'இந்தப் பாடத்தில் என்னைக் கேள்வி கேள்' என்று அதனிடம் சொல்லிப் பழகலாம். என் வகுப்பில் இருவர் இயற்பியலுக்கு அப்படிச் செய்கிறார்கள்.

அடுத்த கூட்டத்துக்குக் கட்டம் போட்ட தாள்களில் பத்தைக் கொண்டுவருகிறேன். நீங்களும் கொண்டுவாருங்கள், ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.