இரண்டு மாதம் என்று வந்தவர்

(நமது பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற மறைபரப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பிற நாட்டிலுள்ள கிறிஸ்தவ மருத்துவமனைக்குச் சென்று, ஊதியம் கருதாமல் சில காலம் பணிபுரிவது பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் பணித்திருக்கிறார்கள். நம் பங்கில் நர்சுப் படிப்பு முடித்த பிள்ளைகள் உண்டு. ஆய்வகத்தில், மருந்துக் கடையில் வேலை செய்வோரும் உண்டு. "ஆறு மாதமாவது போய் வரலாமா?" என்று அவர்களில் சிலர் கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். இதற்கு ஒரு மருத்துவமனையின் வரலாறே பதில் சொல்லும்.

ஆப்பிரிக்காவில், யுகாண்டா நாட்டின் வடபகுதியில் குலு என்று ஒரு நகரம். அதையடுத்த லாச்சோர் என்னும் இடத்தில் 1959-ஆம் ஆண்டு கொம்போனி சபையினர் தூய மரியன்னையின் பெயரால் ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். 1961-ல் பியெரோ கோர்ட்டி என்ற இத்தாலிய மருத்துவர் அங்கு வந்து பொறுப்பேற்றார். அறுவைச் சிகிச்சைக்கு ஆள் இல்லை. கனடாவில் தமக்கு அறிமுகமான லூசில் டீஸ்டேல் என்னும் இளம் பெண் மருத்துவரை, இரண்டு மாதம் வந்து உதவும்படி அழைத்தார். அம்மையாரும் வந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இருவரும் மணந்துகொண்டார்கள். இரண்டு மாதம் என்று வந்தவர் முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த மக்களோடு வாழ்ந்தார்.

சுகமான வாழ்க்கையன்று அது. இடி அமீனின் ஆட்சி, 1979-ல் போர், அதன்பின் உள்நாட்டுக் கலகம். குண்டடிபட்டவர்கள் ஓயாமல் வந்தார்கள். உடைந்த எலும்புத் துண்டுகள் அம்மையாரின் கைகளைக் கிழித்தன. 1985-ல் பரிசோதித்தபோது, எய்ட்ஸ் கிருமி அவர் இரத்தத்தில் கலந்திருந்தது தெரியவந்தது. ஆனாலும் அவர் பணியை விடவில்லை. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் செய்த அவர் 1996 ஆகஸ்டு 1-ஆம் நாள் இறந்தார். லாச்சோரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இத்தியாகத்தைக் கேட்டு நம் நெஞ்சம் உருகுகிறது. ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தாங்கள் இல்லாவிட்டாலும் மருத்துவமனை நடக்க வேண்டும் என்று கணவனும் மனைவியும் தொடக்கம் முதல் எண்ணினார்கள். 1973-ல் அங்கு நர்சுப் பள்ளி ஏற்பட்டது. உள்நாட்டு இளம் மருத்துவர்களும் பயிற்சிக்கு வந்தார்கள். அப்படி 1983-ல் வந்தவர்தான் மாத்யூ லுக்வியா என்ற யுகாண்டா நாட்டவர். 1989-ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று கலகக்காரர்கள் நர்சுகளைக் கடத்த வந்தபோது, "அவர்களை விடுங்கள், என்னைக் கொண்டுபோங்கள்" என்று தம்மையே ஒப்புக்கொடுத்தவர் அவர். ஒரு வாரம் சிறையிருந்து மீண்டார்.

2000-ஆம் ஆண்டு அக்டோபரில் இனந்தெரியாத காய்ச்சல் ஒன்று அங்கே ஆட்களைக் கொன்றது. மேற்படிப்புக்காகத் தலைநகரில் இருந்த லுக்வியா செய்தி கேட்டதும் திரும்பி வந்தார். இது எபோலாவாக இருக்கலாம் என்று ஐயுற்று, முடிவு வருமுன்பே நோயாளிகளுக்குத் தனி வார்டு அமைத்தார். அந்தக் கொள்ளைநோயில் 425 பேர் பாதிக்கப்பட்டு, 224 பேர் இறந்தனர். லாச்சோரின் நர்சுகள் பலரும் மாண்டனர். டிசம்பர் 5-ஆம் நாள் லுக்வியாவும், நாற்பத்து மூன்றே வயதில், அதே நோயால் இறந்தார். லூசில் அம்மையாரின் கல்லறைக்கருகே அவரையும் அடக்கம் செய்தார்கள். பியெரோ கோர்ட்டி 2003-ல் இறந்தார். மூவரும் போனபின்னும் மருத்துவமனை மூடப்படவில்லை. அந்நாட்டு மருத்துவர்களே இன்று அதை நடத்துகிறார்கள்.

அன்பர்களே, நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதில் சாவடிக்காரரை மட்டும் மறந்துவிடுகிறோம். சமாரியர் ஓர் இரவு உடனிருந்தார், மறுநாள் பயணம் தொடர்ந்தார். காயம்பட்டவனை நாள்தோறும் பார்த்துக்கொண்டவர் சாவடிக்காரர்தான். சமாரியரும் வெறுங்கையோடு விட்டுப்போகவில்லை. காசு கொடுத்தார், திரும்பி வருவதாகவும் சொன்னார். குறுகிய காலம் சேவைக்குப் போகிறவர் சமாரியர். அங்கேயே பிறந்து அங்கேயே பணிபுரியும் நர்சும் மருத்துவரும் சாவடிக்காரர்கள். அவர்கள் கையைப் பலப்படுத்தாத சேவை பாதிச் சேவையே.

ஒருவர் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துவிட்டு மறுநாளே விமானம் ஏறினால், தையல் பழுத்தால் பார்ப்பவர் யார்? இரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால், இரண்டாம் மாதம் அந்த நோயாளி எங்கே போவார்? இவற்றை எண்ணிப் பார்த்துப் புறப்பட வேண்டும்.

ஆகவே, போக விரும்பும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள். முதலில் அந்த மருத்துவமனைக்கு எழுதி, அவர்களுக்கு என்ன தேவை என்று கேளுங்கள். அந்நாட்டுச் சட்டப்படி பதிவும் அனுமதியும் பெறுங்கள். ஊரில் செய்ய உரிமையில்லாத சிகிச்சையை அங்கே ஏழைகள்தானே என்று செய்யத் துணியாதீர்கள். வணக்கமும், வலிக்கிறதா என்ற கேள்வியுமாவது அவர்கள் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். தேதி முடியப்போகும் மருந்துகளை மூட்டை கட்டாதீர்கள். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். திரும்பும்போது, உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையையாவது அங்குள்ள ஒருவர் கற்றிருக்கட்டும்.

போக இயலாத நாமும் சமாரியரின் காசைக் கொடுக்கலாம். அங்குள்ள ஏழைப் பெண் ஒருத்தியின் நர்சுப் படிப்புக்கு உதவினால், அவள் வாழ்நாளெல்லாம் தன் மக்களுக்குப் பணிபுரிவாள். இந்த யூபிலி ஆண்டில் நம் பங்குப் பேரவை இதைப் பற்றி ஆலோசிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நோயுற்றோரின் ஆரோக்கியமான அன்னை மரியாள் நம் பிள்ளைகளையும், தூர நாட்டிலிருக்கும் அந்தச் சாவடிக்காரர்களையும் காப்பாராக.