புதுவீட்டுச் சுவரில் வெடிப்பு

பல்லாண்டு பாடுபட்டுச் சேர்த்த பொருளைச் செலவிட்டு எழுப்பிய புதுவீட்டின் உட்சுவரில் வெடிப்பொன்று தோன்றுமாயின், வீட்டுக்காரர் மனங்கலங்குவது இயல்பே. ஆயினும் வெடிப்புகள் யாவும் ஒரே தன்மையன அல்ல.

சீமெந்துச் சாந்து ஈரம் உலரும்போது சுருங்கும். அதனாற் பூச்சின்மேல் மயிரிழை போன்ற கோடுகள் சிலந்திவலையெனப் படரும். இவற்றாற் கட்டடத்துக்குப் பெரும்பாலும் கேடில்லை. கதவு, யன்னல் மூலைகளிலிருந்து சரிவாக ஓடி, ஒரு முனையில் அகன்று காணப்படும் வெடிப்போ, அத்திவாரம் ஓரிடத்தில் தாழ்ந்தமையைக் காட்டலாம். மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதியின் களிமண் மாரியில் நீருண்டு பருக்கும். கோடையில் வறண்டு சுருங்கும். அத்தகைய நிலத்தில் ஆழங்குறைந்த அத்திவாரம் நிலைகொள்ளாது.

ஆதலால், வெடிப்பைக் கண்டவுடன் பூசி மறைத்தல் தகாது. அதன் இரு முனைகளிலும் பென்சிலாற் கோடிட்டு, திகதியையும் எழுதிவைத்தல் வேண்டும். ஒரு மாரியும் ஒரு கோடையும் கழிந்த பின்னரும் கோட்டைத் தாண்டாததும் அகலாததுமான வெடிப்பைச் சாந்திட்டு நிரப்பலாம். அதற்கிடையில் அது நீளவோ அகலவோ காணின், காலந்தாழ்த்தாது பொறியியலாளரை அழைத்துக் காட்டல் வேண்டும். அவர் ஆராய்வது சுவரை மட்டுமன்று. அதைத் தாங்கும் நிலத்தையும் ஆராய்வார்.