ஆறு யாருடைய சொத்து?

(இளையாத்தங்குடிப் பொதுக்கூட்டத்தில் பேசியதின் சாரம்)



ஆற்று மணலைப்பற்றி இந்த ஊரில் என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். வைகை நம் வாசலில் ஓடவில்லை. காவிரியோ வேறு ஜில்லாவில் ஓடுகிறது. ஆனால் இராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? திருச்சிக்குப் பக்கத்தில் காவிரிப் படுகையில் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் வருகிறது. சிவகங்கை ஜில்லாவின் பல ஊர்களும் அதைக் குடிக்கின்றன. அங்கே மணல் போனால் இங்கே குடம் காலி. ஆகவே இது நம்முடைய காரியமேயாகும்.

மணல் என்ன வேலை செய்கிறது? ஒரு படி நிறைய மணலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கால் படிக்குக் குறையாமல் உள்ளே இறங்கும். ஆறும் அப்படியே வெள்ளத்தை உறிஞ்சி வைத்து, வெள்ளம் வடிந்த பின் கரைக் கிணறுகளுக்கு ஊற்றாகக் கொடுக்கிறது. அளவு மிஞ்சித் தோண்டினால் ஆற்றின் மட்டம் தாழ்ந்து, வாய்க்காலின் தலை மேட்டில் நின்றுவிடும். ஆற்றில் தண்ணீர் போனாலும் கண்மாய்க்கு ஏறாது. போன மணல் திரும்பி வந்துவிடும் என்பவர்கள், 1959-இல் திறந்த வைகை அணையை மறந்து பேசுகிறார்கள். மலை மணலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

2018 ஆகஸ்டு 22-ந் தேதி, 1836-இல் கட்டிய முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் கொள்ளிடத்து வெள்ளத்தில் போயின. அளவு மீறி மணல் எடுத்ததே காரணமென்று விவசாயிகள் சொன்னார்கள், சர்க்கார் மறுத்தது. கட்டிடத்தின் வயதும் ஒரு காரணமென்றே வைத்துக்கொள்ளுவோம். கிழவனுடைய காலடி மண்ணைப் பறித்துவிட்டு, விழுந்ததற்கு வயதை மட்டும் சொல்லுவது நியாயமாகுமா?

சரி, ஆறு யாருடைய சொத்து? 1905-ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆற்றுப்படுகை சர்க்காருடையது என்கிறது. 1957-ம் வருஷத்துச் சட்டம் சாதாரண மணலைச் சிறு கனிமம் என்கிறது. ஆற்று மணலைச் சர்க்காரே எடுப்பதென்று 2003-இல் விதி செய்தார்கள். ஆனால் சர்க்கார் சொத்து என்றால் மந்திரிகளின் பாட்டன் சொத்தா? இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரை நிலத்தை ஓர் ஓட்டலுக்குக் குத்தகை விட்ட வழக்கில், 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாய்ச் சொல்லிவிட்டது: இப்படிப்பட்ட சொத்துக்கு ஜனங்களே உரியவர்கள், சர்க்கார் வெறும் தர்மகர்த்தா. தர்மகர்த்தா என்றால் என்னவென்று நகரத்தார் கோயிலுள்ள இவ்வூரில் நான் விளக்க வேண்டியதில்லை. சாவி அவர் கையில் இருக்கலாம்; விற்றுத் தின்ன அவருக்கு உரிமையில்லை.

"ஆற்றில் விளையாடுவதும் ஒரு காரியமா?" என்று கேட்கிறார்கள். பணக்காரனுக்குக் கிளப்பு உண்டு. ஏழைப் பிள்ளைக்கு ஆற்று மணல்தான் சடுகுடு மைதானம். ஆடிப்பெருக்கில் குடும்பத்தோடு உட்கார்ந்து கட்டுச்சோறு தின்ன இடம் அதுதான். அங்கே ஆழக் குழி தோண்டிவிட்டால், தண்ணீர் நிறைந்த பிறகு குழி எது, ஆறு எது என்று குழந்தைக்குத் தெரியுமா? அமெரிக்காவில் 1968-இல் ஒரு சட்டம் செய்து சில ஆறுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் இயற்கை நிலை கெடாத பகுதிகளின் கரையிலிருந்து கால் மைல் வரை சர்க்கார் நிலத்தில் புதிதாகச் சுரங்க உரிமை கூடாதென்று வைத்தார்கள். ஜனங்களின் சந்தோஷத்துக்கும் ஒரு மதிப்புண்டு என்பதே அதன் பொருள்.

ஜனங்கள் என்றால் எல்லோரும்தான். பொது ஆறு, குளம், கிணறுகளைத் தாழ்த்தப்பட்டவர்கள் உபயோகிப்பதைத் தடுக்கக் கூடாதென்று எம். சி. ராஜா கொண்டுவந்த சட்டம் 1938-லேயே வந்தது. இன்ன ஜாதிக்கு இன்ன துறை என்பவனும், இன்ன கண்டிராக்டருக்கு இன்ன ஆறு என்பவனும் ஒரே திருட்டைத்தான் செய்கிறார்கள்.

ஆற்றைத் தாய் என்கிறோம். இன்று கற்பூரம் கொளுத்திவிட்டு, நாளை அந்தத் தாயின் வயிற்றைத் தோண்ட லாரி அனுப்புகிறோம். கும்பிடு ஆற்றைக் காப்பாற்றவில்லை. கணக்குக் கேட்டால்தான் காப்பாற்ற முடியும். தோழர் நல்லகண்ணு கும்பிட்டுக்கொண்டு நிற்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார், தாமிரபரணியில் ஐந்து வருஷத்துக்கு மணல் எடுக்கக் கூடாதென்று 2010-இல் மதுரை ஹைக்கோர்ட்டுக் கிளையில் உத்தரவு வாங்கினார்.

வீடு கட்ட மணல் வேண்டாமா என்றால், வேண்டும்தான். கல்லை அரைத்த மணலும் இருக்கிறது. அதற்கு மலையை உடைப்பதிலும் அளவு வேண்டும். கூலிக்காரன் பிழைப்பு என்னாகும் என்றால், மண்வெட்டியைப் பிடுங்கியது நாமல்ல, பொக்லைன் இயந்திரம். அவனுக்கு மாற்று வேலை கேட்பதும் நம் கடமையே.

ஆகவே தோழர்களே! 2022 முதல் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று தண்ணீர் தினமாகிய மார்ச்சு 22. அங்கே போய், நம் ஊர் ஓடை, ஊருணி, கண்மாய்ப் புறம்போக்கை அளந்து கல் நடுங்கள் என்று கேளுங்கள். குவாரி எங்கே வந்தாலும் நாலு கேள்வி கேளுங்கள்: எவ்வளவு ஆழம்? எத்தனை லாரி? அளப்பவர் யார்? பாலத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 500 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்ற விதி நடக்கிறதா? வாயால் பதில் வராவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். வைகைக்குப் போய்ப் படுகையைக் கண்ணால் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.