யாரய்யா பார்த்தது?



குடிநீர்ப் பிரச்சினையைப் பேசத்தான் வந்தேன். எழுதி எடுத்துவந்த காகிதம் சட்டைப்பையில் கிடக்கிறது. கிடக்கட்டும். இந்த 2018 ஜூலை 1ஆம் தேதி, மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்து ரைன்பாடா கிராமத்தில், ஐந்து பேரைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஓர் அறைக்குள் அடைத்துவைத்து அடித்தே கொன்றிருக்கிறார்கள். பிச்சையெடுத்துப் பிழைக்கிற நாடோடிகள். "வடக்கே எல்லாம் அப்படித்தான்" என்றார் டீக்கடையில் ஒருவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போளூருக்குப் பக்கத்தில் அத்திமூரில் நாம் செய்ததற்கு இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லையே!

மே 9. குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம். வழி கேட்க நிறுத்தினார்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான்! வாட்ஸ்அப் வதந்தியில் வந்தது பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல். காரில் வந்தது தமிழ்க் குடும்பம். தமிழ் பேசுகிற ஒரு மூதாட்டியை அடித்துக் கொன்றோம். அதையும் போனில் படம் பிடித்தோம்! அதே வாரம் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டோம்.

நான் கேட்கிறேன், பிள்ளை பிடித்ததை யாரய்யா பார்த்தது? எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீட்டுப் பிள்ளை?

"வீடியோவே இருக்கிறதே" என்கிறீர்கள். பைக்கில் வந்து சிறுவனைத் தூக்கிப் போகிறார்களே, அதுதானே? அது பாகிஸ்தானில், கராச்சியில், பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எடுத்த விளம்பரப் படம். கடைசியில் பைக்கில் வந்த அதே ஆட்கள் சிறுவனைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தக் கடைசித் துண்டை வெட்டியெறிந்துவிட்டுச் சுற்றுக்கு விட்டான் ஒரு பாவி. வாத்தியார் அனுப்பினார், பேங்க் அதிகாரி அனுப்பினார், பட்டம் பெற்றவர்கள் எல்லாம் அனுப்பினார்கள். யாரய்யா பார்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை!

நேற்று இதே திடலில் எதிர்க்கட்சி நண்பர் முழங்கினார்: நெருப்பில்லாமல் புகையுமா? அண்ணே, கொசு மருந்து வண்டி வந்தால் தெருவே புகைகிறது. எந்த வீடு பற்றி எரிகிறது?

இப்படித்தான் 1995 செப்டம்பரில் பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்றார்கள், நினைவிருக்கிறதா? எங்கள் மாமா அரை லிட்டர் பாலோடு வரிசையில் நின்றார். பாலின் பரப்பு இழுவிசை அதைக் கரண்டியிலிருந்து இழுக்கிறது, கல்லின்மேல் மெல்லிய படலமாக வழிகிறது என்று விஞ்ஞானிகள் வண்ணம் கலந்து காட்டினார்கள். மாமா கேட்கவில்லை. சரி, அன்றைக்குக் கொட்டியது பால். இன்றைக்குக் கொட்டுவது ரத்தம்!

தாய்மார்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். "பிள்ளை பிடிக்கிறவன் வர்றான், பாலம் கட்டத் தலை கேட்கிறானாம், சீக்கிரம் தின்னு" என்று சொல்லித்தான் என் அம்மாவும் எனக்குச் சோறு ஊட்டினாள். சோற்றோடு உள்ளே போன பயம் அது. ஐம்பது வயதிலும் அடிவயிற்றில் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஒரு வீடியோ போதும், கட்டையைத் தூக்க.

எல்லோரும் போனை வெளியே எடுங்கள். அந்தச் செய்தி இன்னும் உள்ளே இருக்கிறது, எனக்குத் தெரியும். அனுப்பியவர் பெயரும் இருக்கிறது. இப்போதே அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், யாரய்யா பார்த்தது என்று. மைக்கை அணைத்துவிட்டு நான் இங்கேயே நிற்கிறேன்.